முத்திரை இல்லாத மூன்று வளையங்கள்

பர்மிங்ஹாமில் நடந்த ஓர் ஏலத்தில், பழைய துப்பாக்கி உதிரிகள் நிறைந்த தகரப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. பித்தளை ட்ரிகர் கார்டும் (விசையைச் சுற்றிய காப்பு) பட் பிளேட்டும் (கட்டையின் அடித்தகடு) 1853 மாடல் என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் ஜாடை. அவற்றில் பெரிய குழப்பமில்லை. பேரலையும் மரக்கட்டையையும் சேர்த்து இறுக்கும் மூன்று இரும்பு வளையங்கள்தான் படுத்தி எடுத்தன. முத்திரையாகக் கிரீடமோ எழுத்தோ எதுவும் இல்லை.

அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான ஸ்பிரிங்ஃபீல்டு 1861-ஆக இருக்குமோ என்று பார்த்தேன். அதில் வளையத்தைப் பிடித்து நிறுத்துவது கட்டையில் பதித்த தட்டை ஸ்பிரிங். இவற்றிலோ இறுக்கும் திருகு இருந்தது. சரி, அது கழிந்தது.

அடுத்தது துரு. உப்புத்தாள் பக்கமே போகவில்லை. எண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய பித்தளை பிரஷால் தேய்த்தேன். அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, வளையத்தின் ஓரத்தில் அரத்தால் போட்ட மூன்று கீறல்கள் தெரிந்தன. மற்ற இரண்டிலும் அதே மூன்று. திருகுகளிலும் அப்படியே!

என்ஃபீல்டு அரசு ஆலை 1850-களின் பிற்பகுதியிலேயே அமெரிக்க இயந்திரங்களை வைத்து, ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய பாகங்களைச் செய்யத் தொடங்கிவிட்டது. பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்கள் அப்போதும் கையால் அராவித்தான் பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொன்றில் ஒழுங்காக ஏறாது. பாகங்கள் கலந்துவிடக் கூடாதே என்று தொழிலாளி போட்டுவைத்த அடையாளம்தான் இந்தக் கீறல். 1970-களில் பார்க்கர்-ஹேல் இதே ஊரில் செய்த நகல்களோ என்ற என் சந்தேகமும் அதோடு போயிற்று. நகலுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

மீதி வேலை வெர்னியர் என்ற அளவுகோலுக்கு. பேரல் நுனியை நோக்கி ஒடுங்குவதால் வளையங்களின் உள்விட்டமும் குறைந்துகொண்டே வரும். எது கீழ், எது நடு, எது மேல் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. விளிம்புகள் உருண்டிருந்தன, திருகின் தலை வெளியே துருத்தாமல் உள்ளே பதிந்திருந்தது. அது பேட்லி எனப்படும் வளைய வகை, 1860-களின் தொடக்கத்தில் வந்தது.

இதற்கு மேல் வளையம் பேசாது. 1866 முதல் என்ஃபீல்டு பேரல்களின் பின்பக்கத்தை வெட்டி பின்பக்கமாகத் தோட்டா போடும் ஸ்னைடர் அமைப்பைப் பொருத்தியபோது, வளையங்களைத் தொடவே இல்லை. ஆகவே தனி வளையத்தை நீட்டி ‘இது ஸ்னைடருடையது’ என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், பேரம் பேசாமலே நகர்ந்துவிடுங்கள். என்னுடையதில் ‘பர்மிங்ஹாம் கைவேலை, பேட்லி, ஒரே துப்பாக்கி’ என்று மட்டும் சீட்டெழுதி, மூன்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். பிரித்து விற்பதாக இல்லை.