காரணம்: குரங்கு

ஒளி வழியாகத் தகவல் போகும் ஃபைபர் கேபிளில் பழுது ஒன்றைச் சரிசெய்து, அதன் டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, மூடும்போது 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. பட்டியலில் இருப்பதில் ஒன்றைத் தொட வேண்டும்: ஜேசிபி, சாலைப் பணி, மரம் விழுந்தது, தீ, எலி, திருட்டு, வேலைத் தரக்குறைவு, குரங்கு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் என்றால் ஜேசிபிதான் ராஜா. ஆழியாறு தாண்டி மலையேறிவிட்டால் குரங்கு. 'வேலைத் தரக்குறைவு' என்று ஒன்று அந்தப் பட்டியலில் இருப்பதையே வால்பாறை ரூட்டுக்கு வந்த இரண்டாவது வருஷத்தில்தான் கவனித்தேன்.

கேபிள் பராமரிப்பை எடுத்திருந்த ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் அப்போது எனக்கு வேலை. டீம் என்றால் மூன்று பேர்: நான், ஸ்ப்ளைசிங் செய்யும், அதாவது ஃபைபரை ஒட்டும், நெகமத்துப் பையன், டிரைவர் அண்ணன். ஒரு பழைய பொலிரோ. ஆழியாற்றிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், பையனுக்காக வண்டியை நிறுத்துவோம். கீழே ஆழியாறு அணை பளபளவென்று விரிந்து கிடக்கும். ஊரிலிருந்து ஜனங்கள் காசு செலவழித்து வந்து பார்க்கிற காட்சி அது. அவன் தலையைக் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு நிமிராமலே வண்டியில் ஏறிக்கொள்வான்.

சிக்கல் வந்தது புதுத்தோட்டத்தில். வால்பாறை டவுனை நெருங்கும்போது பொள்ளாச்சி ரோடு ஒரு காட்டுத் துண்டை உரசிக்கொண்டு போகும் இடம் அது. அங்கே ரோட்டோரக் கம்பங்களில் எங்கள் கேபிள். அந்த வருஷம் செப்டம்பரில் மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நாட்களில் லிங்க், அதாவது அந்தக் கேபிள் வழி இணைப்பு, தகராறு பண்ண ஆரம்பித்தது. முழுசாக விழாது. காலை ஏழு மணியை ஒட்டிச் சிக்னல் சரியும், கால் மணி நேரம் தள்ளாடும், பிறகு தானாக நிமிர்ந்துகொள்ளும். சில நாள் சாயங்காலமும். அறுந்த கேபிளைக் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகும் பழுது, டாக்டரிடம் போனதும் நின்றுவிடும் பல்வலி மாதிரி. நாங்கள் மலையேறிச் சேரும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும். கன்ட்ரோல் ரூமில் திட்டு மட்டும் மிச்சம்.

"குரங்கு கேபிள் மேல நடக்குதாம், அதான்," என்று கான்ட்ராக்டர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். விரட்டச் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. பொள்ளாச்சியில் வெடி வாங்கியது என் யோசனை. இதை யார் மேலும் தள்ள முடியாது.

முந்தின ராத்திரியே மலையேறி லாட்ஜில் தங்கி, ஆறரைக்குப் புதுத்தோட்டத்தில் நின்றோம். ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் அவை வந்தன. கேபிளில் ஒன்றன்பின் ஒன்றாக, கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி போல, வாலை இப்படியும் அப்படியும் சாய்த்து. உண்மையாகவே கேபிளில்தான் நடந்தன. பையன் சரத்தைப் பற்றவைத்து ஓரத்தில் வீசினான்.

கடந்து முடித்தவை இந்தப் பக்க மரத்தில் கத்தின. கடக்காதவை அந்தப் பக்கம் திரும்பி ஓடின. நடுவில் மாட்டிய ஒரு தாய், வயிற்றில் குட்டி ஒட்டித் தொங்க, கம்பம் வழியாகச் சரேலென்று இறங்கித் தார் ரோட்டில் குறுக்கே பாய்ந்தது. வளைவில் வந்த கார் கிறீச்சிட்டு நின்றது. பம்பருக்கும் அதன் வாலுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். கார்க்காரர் இறங்கி எங்களைத் திட்டினார். மலையாளம்தான், ஆனால் எல்லாம் புரிந்தது. வெடிக் கட்டில் பாதி இன்னும் என் கையில் இருந்தது.

அவர் போன பிறகு ஒருவர் நடந்து வந்தார். கையில் வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் பலகை. வால்பாறையில் வேலை செய்யும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் குரங்குகள் ரோட்டைக் கடக்கும் இடங்களில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். அந்த வாட்சர்களில் ஒருவர். ஐம்பது தாண்டிய ஆள், எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். கத்துவார் என்று நினைத்தேன்.

"வெடி போட்டது நீங்கதானா தம்பி?"

"ஆமாங்ணா."

"அவங்க லேசுல தரையில எறங்குறவங்க இல்ல. எறங்க வச்சுட்டீங்க."

குரங்கை 'அவங்க' என்று ஒரு மனுஷன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பையன் சிரிக்கப் போனான், என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

அவை சாதாரண நாட்டுக்குரங்குகள் இல்லை, சிங்கவால் குரங்குகள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி. பிடரியைப் பார்த்துச் சிங்கம் என்று வைத்திருப்பார்கள் என்று எண்ணினேன். பெயர் வாலுக்கு. நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். வாட்சர் அண்ணன் 'சோலைமந்தி' என்றார். எங்களூரில் சோலை என்றால் தோட்டம், தோப்பு. மலையில் சோலை என்றால் வெயில் தரையைத் தொடாத பசுங்காடு. அந்தக் காட்டின் மந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது. கர்நாடகத்தின் ஷராவதிப் பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே களக்காட்டு மலை வரை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நாலாயிரம்தான் என்பது கணக்கு. ஒரு தாய் அடுத்த குட்டி ஈன இரண்டு மூன்று வருஷம் ஆகும். அந்தச் சாண் தூரம் எனக்குப் பிறகு ரொம்ப நாள் கனவில் வந்தது.

கேரளத்தில் குந்திப்புழா ஆற்றில் வரவிருந்த ஓர் அணையையே இந்தக் குரங்கின் பெயரைச் சொல்லி எதிர்த்திருக்கிறார்கள். அணை கைவிடப்பட்டு 1984-ல் சைலண்ட் வேலி தேசியப் பூங்கா ஆனது. அணையை எதிர்த்தவர்களுக்கும் குரங்கு, கேபிளைக் கட்டியவர்களுக்கும் குரங்கு.

அடுத்த வாரம் எஸ்டேட்டில் அனுமதி வாங்கி மறுபடி போனேன், வெடி இல்லாமல். கேபிள்களை ஒட்டி மூடி வைக்கும் எங்கள் ஜாயின்ட் பாக்ஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, காட்டோரக் கம்பத்தில் இருந்தது. விடியுமுன் அங்கே உட்கார்ந்து காத்திருப்பது என்று முடிவு. வாட்சர் அண்ணன் கூட வந்தார். நான் என்ன செய்வேனோ என்கிற பயமாகவும் இருக்கலாம். அட்டைக்கு சாக்ஸின் மேல் புகையிலைத் தூளைத் தேய்த்துவிட்டார். ஏறாது என்றார். ஆறு ஏறின.

புதுத்தோட்டம் பெரிய காடு இல்லை. சுமார் 92 ஹெக்டேர், 230 ஏக்கருக்குக் கொஞ்சம் கீழே. சுற்றிலும் தேயிலை, உள்ளே பல இடத்தில் காப்பிச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மேட்டில் காட்டை அழித்து எஸ்டேட் போட்டபோது மிச்சமான துண்டுகளில் ஒன்று. ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் துண்டு என்று தோன்றாது. இருட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம், மழை நின்று எவ்வளவோ நேரம் ஆகியும். எங்கோ கருமந்தியின் 'ஹூ ஹூ' என்ற கூவல் தொடங்கி மலைக்கு மலை போனது. தலைக்கு மேல் ஏதோ ரயில் என்ஜின் மூச்சுவிட்ட மாதிரி ஒரு சத்தம். திடுக்கிட்டு எழுந்தேன். "இருவாச்சி. றெக்கைச் சத்தம்," என்றார் அண்ணன், நிமிர்ந்தே பார்க்காமல்.

வெளுத்ததும் கூட்டம் வந்தது. எனக்கு மேலே, ஏழெட்டு அடியில், வயசு குறைந்த ஒரு குரங்கு மயிர்க்கம்பளிப் புழு ஒன்றைப் பிடித்தது. கை பட்டாலே அரிப்பெடுக்கும் சாதிப் புழு. அவசரப்படவில்லை. பக்கத்தில் ஒரு இலையைப் பறித்து, புழுவை அதில் சுருட்டி, கிளையில் வைத்துத் தேய்த்தது. விரித்துப் பார்த்தது. திருப்தியில்லை. மறுபடி சுருட்டி, மறுபடி தேய்த்து, இலையை எறிந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டது. ஃபைபரை ஒட்டுமுன் நாங்கள் ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால் மூன்று முறை துடைப்போம். இரண்டாவது துடைப்போடு நிறுத்துகிறவன்தான் என் பையன். அவனை இழுத்து வந்து காட்டியிருக்க வேண்டும்.

ஏழு மணிக்குச் சிக்னல் சரிந்தது. இந்த முறை டவுனில் எங்கள் ஹப்பில் பையன் ஓடிடிஆரோடு தயாராக இருந்தான். அது ஃபைபருக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து எந்த மீட்டரில் என்ன கோளாறு என்று சொல்லும் கருவி. போனில் படித்தான்: "3,412 மீட்டர்ணா. 1550-ல பெருசா விழுது. 1310-ல ஒண்ணுமே இல்லீங்."

அவன் சொன்ன எண்கள் அலைநீளங்கள், நானோமீட்டரில். இரண்டிலும் ஒரே அளவு விழுந்தால் முறிவோ மோசமான ஒட்டோ இருக்கலாம். 1550-ல் மட்டும் பெரிதாக விழுந்தால் ஃபைபர் எங்கோ இறுக்கமாக வளைகிறது என்று அர்த்தம். கடித்தால் இப்படி வராது. 3,412 மீட்டர் என்பது கேபிள் நீளம், ரோட்டு நீளம் இல்லை. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் உபரியாகச் சுருட்டி வைத்த லூப்பைக் கழித்துப் பார்த்தேன். கணக்கு நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த கம்பத்தில் வந்து நின்றது.

கூட்டம் போனதும் ஏணியைச் சாய்த்து ஏறினேன். கேபிளைக் கம்பத்தோடு பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப்பின் போல்ட் கையாலேயே சுழன்றது. கட்டிய நாளில் யாரோ விரலால் திருகிவிட்டு, ஸ்பேனர் போடாமல் இறங்கியிருக்கிறார்கள். பெரிய கடுவன் என்றாலும் ஏழெட்டுக் கிலோதான். அவ்வளவு எடைக்கே கேபிள் ஒரு கைநீளம் வழுக்கி, ஜாயின்ட் பாக்ஸ் வாயில் இருந்த லூப்பை இழுத்து, ஃபைபரைக் கட்டைவிரல் தடிமனுக்கு வளைத்தது. அவை போனதும் கேபிள் தளர்ந்து சரியாகிவிடும். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர், லூப்பைப் பெரிதாகச் சுற்றிக் கட்ட இரண்டு டை. நாற்பது நிமிஷ வேலை.

இறங்கியதும் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இங்கே ரோட்டுக்கு மேல் இரண்டு பக்கத்துக் கிளைகளும் கைகோத்திருந்தன, அதில்தான் போவார்கள், இப்போது இதில் என்றார். சற்றுத் தள்ளி ஒரு மரப்பாலம் காட்டினார். பழைய கேன்வாஸ் ஃபயர் ஹோஸ் குழாய்களை ஏணி மாதிரிப் பின்னி மரத்துக்கு மரம் கட்டியது. அதையும் பயன்படுத்துகிறார்களாம், தோன்றினால். "உங்க வயருல கரண்ட் இல்லைல்ல?" என்று கேட்டார். இல்லை, அதில் உலோகமே கிடையாது என்றேன். "இதுல நடந்து பழகிட்டா, அதுலயும் நடக்கலாம்னு நெனப்பாங்களே," என்று அந்தப் பக்கம் போகும் மின்கம்பியைக் காட்டினார். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அன்று ராத்திரி டிக்கெட்டை மூடும்போது 'வேலைத் தரக்குறைவு' என்பதைத் தொட்டேன். பத்தரைக்கு கான்ட்ராக்டர் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டம். அந்தக் காரணத்துக்கு அபராதம் உண்டு, பில்லில் பிடிப்பார்கள், உங்க மூணு பேர் சம்பளமும் அதிலிருந்துதானே வருது தம்பி என்றார். "குரங்குன்னே போட்டுரு. பொய் ஒண்ணும் இல்லையே, அதுங்க நடந்ததாலதான வந்துச்சு?"

யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பையனின் அக்கா கல்யாணம் அடுத்த மாதம். மாற்றினேன்.

அந்த வேலையை விட்டு இப்போது கோவையில் ஒரு கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். வால்பாறை லிங்க்கும் என் திரையில்தான் வருகிறது. காலை ஷிஃப்ட் என்றால் ஆறு ஐம்பதுக்கு அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். ஏழேகால் வரை கோடு அசையாமல் போகும். அந்த நேரத்தில் அவை அதன் மேல் நடந்துகொண்டிருக்கும்.