முரசோரத்து வெள்ளை

பெப்ரவரி 18

நெடுங்கேணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தரம் 4க்குப் பல் சோதனை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் வெள்ளை கண்டாலே எனக்கு நெஞ்சு பதைக்கிறது. குழாய்க்கிணற்றுப் புளோரைட் வெள்ளையா, சூத்தை தொடங்குகிற வெள்ளையா? புளோரைட் என்றால் இரண்டு பக்கமும் சோடியாக, மெல்லிய குறுக்குக் கோடுகளாக, ஓரம் தெரியாமல் கலந்து நிற்கும். சூத்தை வெள்ளை ஊத்தை படிகிற இடத்தில், முரசின் (ஈறின்) வளைவை ஒட்டியே வரும். கடைசி வாங்குப் பிள்ளைக்கு மேல் முன்பற்களில் இரண்டும் இருக்கிறது.

பெப்ரவரி 19

கரண்ட் இல்லை. பல்லைக் காயவைக்கிற காற்று இல்லாமல் என்னத்தைப் பார்க்கிறது.

பெப்ரவரி 20

தாய் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தா. முதலில் ஊத்தையைத் துலக்கி எடுத்தேன். இடது பல்லில் வெள்ளை ஈரத்திலேயே தெரிந்தது: சூத்தையின் கட்டத்தைக் குறிக்கிற ஐசிடாஸ் முறையில் குறியீடு 2. வலது பல் ஈரத்தில் சுத்தம். ஐந்து செக்கன் காற்றடிக்க, முரசோரமாகச் சுண்ணாம்பு வெள்ளை மெல்ல எழும்பி வந்தது. குறியீடு 1. எனாமலின் ஒளிவிலகல் 1.62, நீரினது 1.33, காற்றினது 1.0. நுண்துளைகளில் தண்ணீர் நிற்கும்வரை பழுது மறைந்திருக்கும். காற்று புகுந்தால் காட்டிக்கொடுத்துவிடும். உருண்டை முனைப் புறோப்பை மேலால் மட்டும் இழுத்தேன், இரண்டிலும் சொரசொரப்பு. கூர் முனையால் குத்தியிருந்தால் மேல்தோல் உடைந்து நானே ஓட்டை போட்டிருப்பேன்.

பெப்ரவரி 24

படிவத்தில் 'சூத்தை உண்டு', 'இல்லை' என்று இரண்டே கட்டம். ஓட்டை விழுந்தால்தான் 'உண்டு'. திருப்பக்கூடிய காலத்தில் இருக்கிற பிள்ளை 'இல்லை'க்குள் போய்த் தொலைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இலேயே கே02.0 என்று எனாமலோடு நிற்கிற சூத்தைக்குத் தனி இடம் இருக்கிறது, வெள்ளைப் புள்ளியும் அதற்குள்தான். புளோரைட் வெள்ளை விழுந்த பல்லுக்கு கே00.3. இரண்டையும் ஓரத்தில் பேனையால் எழுதிவிட்டேன். அனுப்புகிற இடத்தில் யாராவது வாசிப்பார்களா? வாசிக்கவேணும்.

மார்ச் 3

புளோரைட் வார்னிஷ் பூச எடுத்தபோது தாய் கையைப் பிடித்தா. "மிஸ், தண்ணியில புளோரைட் கூடவெண்டு சொல்லித்தானே வடிச்ச தண்ணி வாங்குறம். நீங்கள் அதையே பூசுறியளே?"

நியாயமான பயம். அந்தக் கறை பல் தாடைக்குள் உருவாகிற வயதில், விழுங்குகிற தண்ணீரால் வருவது. இந்த முன்பற்கள் உருவாகி முடிந்து முளைத்தும்விட்டன. இது மேலே ஒட்டி, கரைந்துபோன கனியுப்பைத் திரும்பப் படியவைக்க. மெல்லமெல்லச் சொன்னேன். தலையாட்டினா. பின்னேரத்துச் சீனித் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் பற்றிக் கேட்கத்தான் முகம் வாடிப்போச்சு.

மார்ச் 5

அந்த இடது பல்.

மே 20

வந்தார்கள்! இடது பல்லில் வெள்ளை அப்படியே, குறியீடு 2தான். ஆனால் பளபளப்பு. புறோப் வழுக்கிக்கொண்டு போகிறது. சூத்தை நின்றுவிட்டது. வலதில் காற்றடித்தும் மங்கலாகத்தான் தெரிகிறது. குறியீட்டுக்குப் பக்கத்தில் 'செயலற்றது' என்று பெரிதாக எழுதினேன்.

தம்பிக்காரனும் கூட வந்தவன். புதிதாக முளைத்த கீழ்க் கடைவாய்ப்பல், குழிக்குள் ஈரத்திலேயே கபில நிறம். ஓரம் உடைந்திருக்கிறதா தெரியவில்லை, 2ஆ 3ஆ. அவன் வாயை மூடிக்கொண்டான். நாளைக்குக் காலமை திரும்ப