இடி கேட்டால் படகைத் திருப்புங்கள்

பழவேற்காட்டில் தூண்டில் போடப் போகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, இடி இடித்தால் படகில் எங்கே உட்கார்வது என்று. எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான் சாமி. கூரை இல்லாத சின்ன ஃபைபர் படகில் மின்னலுக்குத் தப்பிக்க மூலை முடுக்கு எதுவும் கிடையாது. ஏரியோ கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம், அதில் துருத்திக்கொண்டு தெரிவது நாமும் நம் கையில் இருக்கிற ராடும்தான். எப்போது கிளம்புவது என்று கேளுங்கள், அதற்குப் பதில் உண்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே இடிமழை பெரும்பாலும் உள்நாட்டில் திரண்டு, சாயங்காலத்துக்கு மேல் மேற்கிலிருந்து கடலை நோக்கி வரும். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போயிருந்தால் சிக்கல் அதிகம், ஏனென்றால் நாம் திரும்ப வேண்டிய கரைப் பக்கமிருந்தே மேகமும் வருகிறது, நாமும் அதை நோக்கிப் போக, இருக்கிற நேரம் பாதியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கதை வேறு, கடல் பக்கமிருந்து ராத்திரியிலும் விடிகாலையிலும்கூட வரும்.

மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே எண்ணுங்கள், 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர், அந்தத் தூரத்திலிருந்தும் மின்னல் நம்மைத் தொடும், தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் சரி. இடி காதில் விழுந்தாலே எல்லைக்குள் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மோட்டார் ஓடும்போது இடியே கேட்காது! மேகம் கறுப்பதுபோல் இருந்தால் ஒரு நிமிஷம் இஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னலைக் காட்டும், தண்ணீரில் சிக்னலை நம்பாமல் கரையிலேயே ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால்? ராடை முதலில் கீழே படுக்க வையுங்கள், கார்பன் ராடில் மின்சாரம் நன்றாகப் பாயும். நூல் காற்றில் தானாக மேலே எழும்புவதும், ராடு ரீங்காரமிடுவதும், கை மயிர் சிலிர்ப்பதும் அடுத்த அடி நமக்குத்தான் என்பதற்கான அறிகுறி. லைஃப் ஜாக்கெட்டோடு படகின் நடுவில் குறுகி உட்காருங்கள். கை கால் தண்ணீரில் படக்கூடாது, இஞ்சினையும் நங்கூரச் சங்கிலியையும் தொடவே வேண்டாம். தண்ணீரில் குதித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பிடித்து உட்கார வையுங்கள். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தூண்டில்.

அடிபட்டவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது வெறும் பயம், உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள், செத்தவர் மாதிரிக் கிடப்பவரும் பிழைத்ததுண்டு.

இன்னொன்று, காசு விஷயம். பாதியில் திரும்பினாலும் படகுக்கார அண்ணனுக்குப் பேசிய வாடகையை முழுசாகத் தருவதாக ஏறும்போதே சொல்லிவிடுங்கள். பாதிக் காசுதான் என்றால் அவர் எப்படித் திருப்புவார்?