சித்தியும் வாட்ஸ்அப்பும்

போன வாரம் மதுரைக்குப் போயிருந்தபோது சித்திக்கு வாட்ஸ்அப் கற்றுக்கொடுத்தேன். பிளவுஸ் தைப்பவர். தைக்கக் கொடுப்பவர்கள் இப்போது டிசைனைப் படமாகத்தான் அனுப்புகிறார்கள்.

"எதையாவது அழுத்திட்டா காசு போயிருமாடா?" என்றுதான் முதலில் கேட்டார். இந்தப் பயத்தைப் போக்காமல் எந்தப் பட்டனையும் காட்டிப் பயனில்லை. அதனால் அரை மணி நேரம் எனக்கே படங்கள் அனுப்பச் சொன்னேன். தப்பாகப் போனதை அழுத்திப் பிடித்து, இரண்டு போனிலும் அழிக்கலாம் என்று காட்டியதும் முகம் தெளிந்தது.

டைப் செய்வது அவருக்குச் சரிவரவில்லை. குரல் பதிவுக்கு மாறினோம். மைக்கை அழுத்திக்கொண்டே பேச வேண்டும். ஊசி பிடித்துக் காய்த்த கட்டைவிரல் பாதியில் நழுவி, "கை நீளம் ஒன்பது இஞ்ச்..." என்பதோடு செய்தி போய்விடும். மைக்கை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டே பேசலாம். அது தெரிந்ததும் சந்தேகம் முழுவதையும் நிதானமாகக் கேட்டு அனுப்பினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: வாட்ஸ்அப்பைத் திறக்க எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க சரிபார்ப்பு எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

"நீ கேட்டாலுமா?"

"நான் கேட்டாலும்தான் சித்தி."

அளவு நோட்டின் அட்டையில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.