ஆத்தாவுக்கு என்ன கோவம்?

எல்லாம் ஒரு லீவு லெட்டர்ல ஆரம்பிச்சது. லெட்டர்னு சொல்றது பழக்கதோஷம், இப்பல்லாம் போர்ட்டல்ல ரீசன்னு ஒரு கட்டம் இருக்கும் அதுல ரெண்டு வார்த்தை தட்டினா போதும், ஆனா எனக்கு கை சும்மா இருக்காம "டு ப்ரொபிஷியேட் அவர் ஃபேமிலி டெய்ட்டி"ன்னு முழு வாக்கியமா டைப் பண்ணிட்டேன். இது என் இங்கிலீஷ் இல்ல, எங்க அப்பா இங்கிலீஷ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்தவர், வருஷா வருஷம் பங்குனி மாசம் இதே வரியை எழுதி லீவு வாங்கிட்டு சமயபுரம் போவார். கார்பன் காப்பி ஒண்ணு வீட்ல இருக்கும், அதைப் பாத்து நான் அஞ்சாங்கிளாஸ்ல அந்த ஸ்பெல்லிங்கை மனப்பாடம் பண்ணேன். அர்த்தம் எல்லாம் கேட்டதில்ல, சாமி கும்பிடறதுக்கு ஆபீஸ் இங்கிலீஷ்ல இப்பிடித்தான் சொல்லுவாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

எங்க மேனேஜர் குர்காவ்ன் பக்கத்துப் பொண்ணு, என்னை விட மூணு வயசு சின்னவங்க. லீவை அப்ரூவ் பண்ணிட்டு சாட்ல கேட்டாங்க, இந்த வார்த்தைய டிக்‌ஷனரில பாத்தேன், கோவத்தைத் தணிக்கிறதுன்னு போட்டிருக்கு, உங்க சாமிக்கு உங்க மேல கோவமா? சிரிக்கிற பொம்மை ஒண்ணும் போட்டிருந்தாங்க. நானும் ஒரு பொம்மை போட்டு சமாளிச்சேன். ஆனா கேள்வி மட்டும் அன்னிக்கு நைட்டு பெங்களூர்ல இருந்து பஸ் ஏறுற வரைக்கும் மண்டையில சுத்திக்கிட்டே இருந்துச்சு.

கோவம்னு பாத்தா காரணம் இருந்துச்சுங்க. ரெண்டு பங்குனியா நான் ஊருக்கே போகல. ரிலீஸ், டெட்லைன், அப்புறம் டிக்கெட் கிடைக்கலன்னு ஏதாவது சொல்லிடுவேன். இந்த வருஷம் மாசி மாசம் பையனுக்கு ஒடம்பெல்லாம் முத்து போட்டிருச்சு. டாக்டர்கிட்ட காட்டினோம், சிக்கன்பாக்ஸ்தான், மருந்து குடுத்து ரெஸ்ட்ல வைங்கன்னார். அம்மாவுக்கு போன் போட்டா அவங்க சிக்கன்பாக்ஸ்ங்கற வார்த்தையையே எடுக்கல, "ஆத்தா வந்திருக்கா, வீட்ல தாளிக்காத, எண்ணெய் சட்டி வைக்காத, வேப்பிலை கட்டு"ன்னு வரிசையா ஆர்டர். பெங்களூர் அபார்ட்மெண்ட்ல வேப்பிலைக்கு எங்க போறது, ரெண்டு தெரு தள்ளி பார்க்ல ஒரு மரம் இருக்கு, ராத்திரி ஒம்போது மணிக்கு நான் எகிறிக் குதிச்சு கொழை ஒடிக்கறதப் பாத்து வாட்ச்மேன் டார்ச் அடிச்சாரு. "அம்மா"ன்னு சொல்லி பையன் உயரத்துக்குக் கையைக் காட்டினேன். அவருக்கு அவ்வளவுதான் வேணும், தானே ஒரு கிளைய வளைச்சுக் குடுத்தாரு.

மூணு தண்ணி ஊத்தி, பொறுக்கெல்லாம் உதிர்ந்து பையன் ஸ்கூலுக்குப் போன அப்புறமும் அம்மா என்கிட்ட சரியா பேசல. பேரன்கிட்ட பேசுவாங்க, மருமககிட்ட பேசுவாங்க, நான் போனை வாங்கினா "சரி வை"ம்பாங்க. அவங்களா வேண்டிக்கிட்டாங்க, பேரனுக்கு மொட்டை, மாவிளக்கு, உப்பு மிளகு. எனக்கு தேதி மட்டும்தான் சொன்னாங்க.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல விடியக்காலம் இறங்கினப்ப அம்மா கிராமத்துல இருந்து நேரா வந்து ஒரு மஞ்சப்பையோட உக்காந்திருந்தாங்க. பேரனைத் தூக்கி முத்தம், மருமக கையைப் புடிச்சு என்னடி இளைச்சிட்டன்னு விசாரிப்பு, என்னைப் பாத்து "டிக்கெட்டு எடு". அவ்வளவுதான் எனக்கு வரவேற்பு.

சமயபுரம் அங்க இருந்து ஒரு பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும், கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி போகணும். பங்குனில அந்த ரோட்டைப் பாக்கணும், மஞ்சப் புடவையும் மஞ்ச வேட்டியுமா நடந்து போயிட்டே இருப்பாங்க, தீச்சட்டி ஏந்தினவங்க, அலகு குத்தினவங்க, ரெண்டு பேர் தோள்ல கரும்பு, நடுவுல சேலைல தொட்டில், தொட்டிலுக்குள்ள கைக்குழந்தை. புள்ளை வரம் கேட்டு கெடைச்சவங்க அப்பிடி கரும்புத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்து கோயிலைச் சுத்துவாங்க. என் பையன் ஜன்னல்ல எட்டிப் பாத்து அந்த பாப்பா மட்டும் ஏன் நடக்கலன்னு கேட்டான்.

இங்கதான் எனக்கு மேனேஜர் கேள்வி மறுபடி வந்து நின்னுச்சு. ஏன்னா நாங்க போனது பச்சைப் பட்டினி நேரம். தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஊர்ல எல்லா கோயில்லயும் பக்தன் விரதம் இருப்பான், சாமி சாப்பிடும். சமயபுரத்துல மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல்ல ஆரம்பிச்சு 28 நாள் ஆத்தாளே விரதம் இருக்கா, நமக்காக. ஊருக்கு நோய் நொடி வரக்கூடாதுன்னு அவ பட்டினி கிடக்கறா. அந்த 28 நாளும் சமைச்ச நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு (பச்சரிசி மாவுல வெல்லம் கலந்தது), நீர்மோர், பானகம், இளநீர் இதுதான். கோவமா இருக்கறவ நமக்காக பட்டினி கிடப்பாளா? கிடப்பா. எங்க அம்மா கிடப்பாங்க. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப ஒரு பக்கம் "ஐஸ் வாங்கித் திங்காதன்னு சொன்னேன்ல"ன்னு திட்டிக்கிட்டே இன்னொரு பக்கம் செவ்வாக்கிழமை பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்தவங்க. டிக்‌ஷனரில இந்த ரெண்டையும் ஒரே வார்த்தைக்குள்ள அடைக்க முடியுமான்னு தெரியல.

மொட்டை அடிக்கற எடத்துல பையன் அழல, ஆச்சரியம். சந்தனத்தைப் பூசினதும் தலையைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டான். உப்பையும் மிளகையும் அம்மா அவன் தலையைச் சுத்தி அவன் கையாலேயே போட வச்சாங்க. மாவிளக்கு மாவு வீட்லயே இடிச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க, பச்சரிசி மாவும் வெல்லமும் பெசஞ்சு நடுவுல குழி பண்ணி நெய் ஊத்தி திரி போட்டு ஏத்தினாங்க, காத்துக்கு அணைஞ்சு அணைஞ்சு போச்சு, என் வேட்டி நுனியைப் புடிச்சு மறைச்சுக்கிட்டு நின்னேன், அப்பவும் பேச்சு இல்ல.

உள்ள தர்ம தரிசன க்யூல ரெண்டே கால் மணி நேரம். ஸ்பெஷல் டிக்கெட் எடுக்கலாமான்னேன், அம்மா பாத்த பார்வைக்கு அப்புறம் வாயைத் திறக்கல. கிட்ட போனா அந்த உருவம் இருக்கே, செக்கச் செவேல்னு, எட்டு கை, தலைக்கு மேல நாகம் குடை புடிக்க, அவ்வளவு பெருசா உக்காந்திருக்கா. மூலிகையும் சுதையும் சேர்த்து செஞ்ச மூலவர், அதனால அவளுக்கு அபிஷேகம் கிடையாது, உற்சவருக்குத்தான் எல்லாம். ஒரு காலத்துல இந்த அம்மன் ஸ்ரீரங்கத்துல இருந்தான்னும், உக்கிரம் தாங்காம அங்க இருந்து வெளிய அனுப்பிட்டாங்கன்னும், வழில எளைப்பாறி கடைசில இந்தக் கண்ணனூர்ல, அதாவது சமயபுரத்துல, உக்காந்தான்னும் சொல்லுவாங்க. ஆனா அண்ணன் ரங்கநாதர் விடல, தைப்பூசத்துக்கு கொள்ளிடக் கரைக்கு தங்கச்சிக்கு சீர் வந்துடும் வருஷா வருஷம். வீட்டை விட்டு அனுப்பினாலும் சீர் நிக்கக்கூடாது, நம்ம ஊர் நியாயம்.

என் முறை வந்தப்ப கண்ணை மூடவே இல்ல. ஒரே ஒரு நொடி, அதுக்குள்ள "நகருங்க நகருங்க". என்ன வேண்டினேன்னு கேட்டா ஒண்ணும் வேண்டல, வந்துட்டேன் ஆத்தான்னு மட்டும் சொன்னேன். தள்ளிவிட்ட வேகத்துல வெளிய வந்து விழுந்து துள்ளுமாவை வாயில போட்டப்பதான் பசியே தெரிஞ்சுது.

திரும்பறப்ப திருவானைக்காவல்ல எறங்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க, உச்சிகால பூஜை பாக்கணுமாம். ஓட்டமும் நடையுமா போனோம். ஜம்புகேஸ்வரர் சன்னதி, நாவல் மரம், நீர் ஊறுற லிங்கம், ஒம்போது துளை ஜன்னல் வழியா தரிசனம், யானையும் சிலந்தியும் சண்டை போட்ட கதை, இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. அந்த உச்சிகால பூஜைதான் நான் சின்ன வயசுல பாத்துட்டு மறந்துபோனது. அம்பாள் சன்னதியில இருந்து அர்ச்சகர் அம்பாளோட புடவையை உடுத்தி, கிரீடம் வச்சு, மாலை போட்டு, மேளதாளத்தோட சுவாமி சன்னதிக்குப் போறார். அம்பாளே போய் சிவனுக்கு பூஜை பண்றதா ஐதீகம், அப்புறம் கோபூஜை. வயசான மனுஷர், மீசை நரைச்சிருக்கு, ஆனா புடவைக் கட்டோட அவர் நடந்து வந்தப்ப கூட்டத்துல ஒருத்தரும் சிரிக்கல, பக்கத்துல நின்ன காலேஜ் பசங்க கூட போனை உள்ள வச்சுட்டு கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அகிலாண்டேஸ்வரியும் ஒரு காலத்துல உக்கிரமா இருந்தவதான். பக்கத்துலயே போக முடியாதாம். ஆதிசங்கரர் வந்து அந்த உக்கிரத்தை ஸ்ரீசக்ர தாடங்கமா ஆக்கி அவ காதுலயே போட்டுவிட்டார்னு கதை. இப்பவும் காஞ்சி மடத்துல இருந்து அதை செப்பனிட்டு திரும்ப சாத்தறது உண்டு, 1923ல பெரியவர் காலத்துல அப்பிடி நடந்திருக்கு. காது மட்டும் போதலன்னு சங்கரர் இன்னொண்ணும் பண்ணார். நேர் எதிர்ல புள்ளையாரைக் கொண்டுவந்து உக்கார வச்சார். பிரசன்ன கணபதி. புள்ளை முகத்தைப் பாத்துட்டே இருந்தா எப்பிடி கோவம் நிக்கும்?

இந்தக் கதைய நான் என் பொண்டாட்டிக்கு சொல்லிட்டு இருந்தேன். பின்னாடி இருந்து அம்மா, "உங்கப்பாவும் இதையேதான் சொல்வாரு, சொல்லிட்டு அந்த இங்கிலீஷையும் சொல்வாரு, ப்ரொப்பி... என்னமோ ஒண்ணு, அர்ச்சகர்கிட்ட கூட சொல்லிட்டு நிப்பாரு, மானம் போவும்"னு சொல்லிட்டு சிரிச்சாங்க. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா என்னைப் பாத்து சிரிச்சது. நான் அந்த வார்த்தையை முழுசா சொன்னேன். ம்ம் அதான் அதான்னாங்க. அதுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டேன். "குளிர வைக்கிறது. வேறென்ன? வேப்பிலை கட்டறது, கூழு ஊத்தறது, தண்ணி ஊத்தறது, எல்லாம் அதுக்குத்தான். மனசு குளிரணும், அவ்வளவுதான்." கோவமாம்மான்னேன். "ஆத்தாவுக்கு என்ன கோவம்? எனக்குத்தான் கோவம்."

மொட்டைத் தலையோட பையன் அவங்க மடில படுத்துத் தூங்கிட்டான், பிரகாரத்துல அந்தக் கல்லு மதியத்துலயும் ஜில்லுனு இருந்துச்சு, நாங்க ஒரு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. பழைய கதை, பக்கத்து வீட்டுக் கதை, நெலத்து வரி பாக்கி எல்லாம் ஓடுச்சு. பாதிக்கு மேல எனக்குத் திட்டுதான்.

திங்கக்கிழமை காலைல ஆபீஸ் வீடியோ கால் முடிஞ்சதும் மேனேஜர் இருக்கச் சொல்லி கேட்டாங்க, சாமி கோவம் போச்சா? எனக்கு அம்மா சொன்ன குளிர வைக்கிறதை இங்கிலீஷ்ல சொல்ல வரல, என்னமோ தட்டுத்தடுமாறி அம்மை, வேப்பிலை, சமைக்காத நைவேத்தியம்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, இது எங்க சீதளா மாதா. குர்காவ்ன்ல பெரிய கோயிலே இருக்கு. ஹோலி முடிஞ்சு எட்டாம் நாள் பசோடான்னு பண்ணுவாங்களாம், அன்னிக்கு வீட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க, முந்தின நாள் ஆக்கின ஆறிப்போன சாப்பாட்டைத்தான் படைச்சு சாப்பிடுவாங்க, அவங்களுக்கும் அம்மைக்கு அவதான், அங்கயும் வேப்பிலைதான். சீதளான்னாலே குளிர்ச்சியானவன்னு அர்த்தம். இந்த வருஷம் பசோடாவுக்கு நான் வீட்டுக்குப் போகலன்னாங்க, ரிலீஸ் இருந்துச்சுல்ல.

நைட்டு அம்மாகிட்ட இதைச் சொன்னேன், அங்கயும் ஆத்தா இருக்காம்மா, வேற பேர்ல. "பின்ன, அவளுக்கு என்ன ஒரே ஊரா"ன்னாங்க. கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பொண்ணு அவங்க அம்மாவுக்கு போன் பண்ணுதா, கேளு."