இன்வாய்ஸ் எண் 9999

கிடங்கில் சரக்கு வரவு பதிவதற்கு ஒரு சாஃப்ட்வேர் செய்யும் வேலை எங்கள் டீமிடம் வந்தது. மூன்று மீட்டிங், மூன்றிலும் மேனேஜர்கள்தான். தேவைகளை எழுதிக் கையெழுத்து வாங்கினோம், செய்து முடித்தோம், லைவும் போயாயிற்று. இரண்டாவது வாரம் ரிப்போர்ட்டைத் திறந்தால் பாதி என்ட்ரிகளில் இன்வாய்ஸ் எண் 9999.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நேரில் போய் பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது: லாரி காலையிலேயே வந்துவிடும், இன்வாய்ஸ் மதியமோ மறுநாளோதான் வரும், நாங்களோ அந்த எண் இல்லாமல் சேவ் ஆகாதபடி செய்து வைத்திருக்கிறோம். டிரைவர் தலைக்கு மேல் நின்று அவசரப்படுத்தும்போது பதிவு செய்பவர் வேறு என்ன செய்வார்?

அவர் பழைய நோட்டையும் விடவில்லை. சில வரிகளின் ஓரத்தில் பென்சிலில் சின்ன முக்கோணம். என்னவென்று கேட்டேன்.

"எண்ணிக்கை குறையுதுன்னு அர்த்தம் சார். சப்ளையர்கிட்ட கேட்கணும். உங்க ஸ்கிரீன்ல இதை எங்க போடறது?"

பதில் இல்லை என்னிடம்.

சரி, கோடிங்கை நிறுத்திவிட்டு ஸ்கிரீன்களைப் பேப்பரில் வரைந்து கொண்டுபோனோம். அவர் விரலால் 'பட்டனை' அழுத்துவார், நான் அந்தத் தாளை எடுத்து அடுத்த தாளை வைப்பேன். பழைய உத்திதான். தொழிலாளர்களோடு சேர்ந்தே கம்ப்யூட்டர் கருவிகளை வடிவமைக்க 1981-ல் தொடங்கிய யுட்டோபியா திட்டத்தில் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்கள் அட்டைப்பெட்டியை லேசர் பிரிண்டராக வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் தொழிற்சங்கமே கூட இருந்தது. எங்களிடம் முதல் நாள் சூப்பர்வைசர் கூட இருந்தார், அதனால் எல்லாத் தாளுக்கும் ஒரே பதில், "நல்லா இருக்கு சார்".

அடுத்த முறை சூப்பர்வைசரை வரவேண்டாம் என்றேன் (அதற்கு ஒரு தனிச் சண்டை). அன்றைக்குத்தான் மனிதர் வாயைத் திறந்தார். முதல் கேள்வியே ஸ்கிரீனைப் பற்றியது இல்லை: ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை என்ட்ரி போட்டார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியுமா? தெரியும், அப்படி ஒரு ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். மறைக்காமல் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை நீக்க வைக்க ஒரு மாதம் போராட வேண்டியிருந்தது, அதுவும் ஆள்வாரிக் கணக்கைத்தான் நீக்கினார்கள், ஷிஃப்ட் கணக்கு அப்படியே இருந்துவிட்டது.

இப்போது 'இன்வாய்ஸ் வரவில்லை' என்று போட்டு சேவ் செய்யலாம். குறைவுக்கு ஒரு பட்டன், மேலே முக்கோணம். பழைய 9999-களைத் தேடித் திருத்த எனக்கும் அவருக்கும் நான்கு சனிக்கிழமை ஆனது. அவருக்கு ஓவர்டைம் கிடைத்தது, எனக்கு இல்லை.