சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டிய சிறு சொல்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மலையகப் பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தும்போது 'இன்', 'அட்', 'ஒவ்', 'வித்' இருக்கும் இடங்களில்தான் சிவப்பு மை அதிகம் விழுகிறது. அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது அநியாயம். நம் வேற்றுமை உருபுதான் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறது.

'கணக்கில் கெட்டிக்காரி' என்று நினைப்பவள் 'குட் இன் மெத்ஸ்' என்று எழுதுகிறாள். வேண்டியது 'குட் அட்'. 'தம்பி மேல் கோபம்' என்பது 'அங்ரி ஆன்' ஆகிவிடுகிறது. ஆளென்றால் 'அங்ரி வித்', விஷயமென்றால் 'அங்ரி அபவுட்'. 'அவரோடு கலியாணம்' என்றாலும் ஆங்கிலத்தில் 'மெரிட் டு' தான். 'ஆங்கிலத்தில் ஆர்வம்', 'இன்ட்ரெஸ்டட் இன்' இரண்டும் அப்படியே பொருந்திவிடுகின்றன. இப்படி ஓரிடத்தில் கைகொடுத்த உருபை எல்லா இடத்திலும் நம்பிவிடுகிறார்கள்.

காதாலும் இதைப் பிடிப்பது கஷ்டம். வேகமாகப் பேசும்போது 'அட்', 'ஒவ்', 'டு' அழுத்தமில்லாமல் தேய்ந்துவிடும். கேட்டுக் கேட்டே வந்துவிடும் என்று விட்டால் வராது; எழுத்தில் பார்க்க வேண்டும்.

தோட்ட ஆபீஸ் கடிதங்களில் வேறொரு சிக்கல். 'வீ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்' என்பது பிழை. 'எ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்' சரி. வினைக்கு வேண்டாத சிறு சொல், அதே சொல் பெயராகும்போது வேண்டியதாகிறது. 'டிமாண்ட்', 'அன்சர்' இரண்டும் இப்படித்தான்: 'அன்சர் தி லெட்டர்', ஆனால் 'அன் அன்சர் டு தி லெட்டர்'. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவதற்கும் 'டிஸ்கஷன் அபவுட்' என்ற பழக்கமே காரணம். 'காரணம்' என்ற நம் ஒரே சொல்லுக்கு அங்கே 'ரீசன் ஃபோர்', 'கோஸ் ஒவ்' என்று இரண்டு. தேயிலை விலை குறைந்தால் 'எ ஃபோல் இன் ப்ரைஸஸ்'. எவ்வளவு குறைந்தது என்று சொல்லும்போது மட்டும் 'எ ஃபோல் ஒவ் 20 ருப்பீஸ்'.

இடத்துக்கும் இப்படியே. தோட்டத்தில் வேலை 'ஆன் தி எஸ்டேட்', தொழிற்சாலைக்குள் 'இன் தி ஃபெக்டரி', கொழுந்து பறிப்பது 'பை ஹேண்ட்'. பதுளை ரயில் ஹட்டனுக்குக் குறித்த நேரத்தில் வந்தால் 'ஆன் டைம்'. அதைப் பிடிக்க நாம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால் 'இன் டைம்'.

'அட்' உடன் வருபவை, 'ஒவ்' உடன் வருபவை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. இருபது சொல் ஒன்றாக வந்தால் ஒன்றோடொன்று குழம்பும். நாளுக்கு ஐந்து போதும். கொப்பியில் 'அஃப்ரெய்ட்' என்று தனியாக எழுதாமல் 'அஃப்ரெய்ட் ஒவ் லீச்சஸ்' என்று முழுசாக எழுத வேண்டும். அட்டைக்குப் பயப்படாத பிள்ளை இங்கே குறைவு, அதனால் அது நினைவில் நிற்கும். மூன்றாம் நாள் முதற்சொல்லை மட்டும் சொல்லி, மீதியை வாயால் சொல்ல வைக்க வேண்டும். ஒரு நொடி தயங்கினாலும் அது இன்னும் படியவில்லை. அடுத்த நாள் ஐந்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

படிந்தபின் கேள்வியாக மாற்றிப் பார்க்கலாம். 'வட் இஸ் ஷி அஃப்ரெய்ட் ஒவ்?' என்று கேட்கும்போது கடைசி 'ஒவ்' விழுந்துவிடுகிறதா என்று பாருங்கள். தமிழ்க் கேள்வியில் 'எதுக்கு' என்று முதலிலேயே உருபு வந்துவிடுவதால், ஆங்கிலத்தில் கடைசியில் ஒன்று பாக்கியிருப்பது பிள்ளைக்குத் தோன்றுவதில்லை.